தொண்ணூறு ஊசிக்கும் சிரித்தவள்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு டாக்டர் கைக்குழந்தையை மேஜைமேல் உட்கார வைத்துப் பாட்டுப் பாடுகிறார், தலையை ஆட்டுகிறார், குழந்தையின் மூக்கைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். அது வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்திருக்கும்போது தொடையில் ஊசி போட்டு முடித்துவிடுகிறார். குழந்தைக்குத் தெரியவே இல்லை. நீங்கள் கை கூப்பினீர்கள், கைதட்டினீர்கள், இதயம் போட்டீர்கள். "நம்ம காலத்துல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்" என்று ஒருவர் எழுதினார். நான் மட்டும் எதுவும் போடவில்லை. உனக்கு என்ன வந்தது, இதுகூடப் பிடிக்காதா என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போலப் படிக்காமலேயே பூங்கொத்து அனுப்பலாம்.

நம் காலத்திலும் அப்படி ஒருத்தர் இருந்தார். எனக்கு இருந்தார். டாக்டர் இல்லை, கம்பவுண்டர். அவர் புண்ணியத்தில் தொண்ணூறு ஊசியையும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டேன். அந்த ஊசியால் என் காது போனது. நான் சிரித்துக்கொண்டே இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்ற பெயர் உங்களுக்கு மறந்திருக்காது. நம் வயதில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அது இருந்தது. பிள்ளை இளைத்திருந்தால், சாயங்காலம் உடம்பு கொஞ்சம் சுட்டால், கழுத்தில் நெறி கட்டியிருந்தால், உடனே அந்தப் பெயர்தான். டி.பி.க்குத் தம்பி என்று பெரியவர்கள் ரகசியமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது வந்ததாகச் சொன்னபோது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. தினம் ஒரு ஊசி, மொத்தம் தொண்ணூறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அது மார்புச் சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கிற மருந்து போலில்லை, வெளியே தெரியக்கூடாத மருந்து. அம்மாவுக்கு என் நெஞ்சைப் பற்றிய கவலையைவிட என் கல்யாணத்தைப் பற்றிய கவலை பெரிதாக இருந்தது. "பொம்பளப் புள்ளைங்க. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்?" என்று அப்பாவிடம் சொன்னாள். எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். நெஞ்சு நோய்க்கென்றே பேர்போன பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ரயிலேறிக் குரோம்பேட்டைக்குப் போனோம். நடுவில் அந்த ஆஸ்பத்திரியின் பெயரிலேயே இருக்கிற சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும். அந்த அரை நிமிஷமும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அதன் பெயரைப் படித்தாலே வியாதி வெளியே தெரிந்துவிடும் என்பதுபோல.

பக்கத்து வீடுகளுக்குச் சொன்னது "சத்து ஊசி". வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சு வந்தால் அப்பாவும் அம்மாவும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதனால் தங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் சொல்லாமல், எனக்கு முன்னால் கிசுகிசுவென்று பேசிய வீடு அது.

முதல் நாள் மூவரும் போனோம். டாக்டர் அறையில் மருந்தின் பெயர், சாப்பாடு, இன்னும் ஏதேதோ பெரியவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கம்பவுண்டரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று ஊசி அறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறையின் வாடை இன்னும் எனக்கு அத்துப்படி. ஸ்பிரிட், மண்ணெண்ணெய், கொதிக்கிற தண்ணீர். ஸ்டவ்வின் மேல் ஒரு எவர்சில்வர் பெட்டி. அதற்குள் கண்ணாடி ஊசிக்குழல் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். விரல் உயர மருந்து பாட்டிலில் வெள்ளைப் பொடி. அதன் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, தண்ணீரை ஏற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் கரைப்பார் கம்பவுண்டர். காலி பாட்டிலை எனக்குக் கொடுத்துவிடுவார். என் சொப்புக்கடைக்கு எண்ணெய் பாட்டில், சீயக்காய் பாட்டில் எல்லாம் அவைதான். தெருவில் இருந்த அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் என்மேல் பொறாமை.

முதல் நாள் நான் உதைத்த உதையில் ஊசிக்குழல் தரையில் விழுந்து சுக்குநூறானது. அப்பா கையை ஓங்கினார். கம்பவுண்டர் தடுத்தார். வழுக்கைத் தலை, காதில் பென்சில், அரைக்கைச் சட்டை. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே, "இன்னா சார், பாப்பா கோல் போட்டுச்சு, நீங்க இன்னாத்துக்கு ரெஃப்ரி வேல பாக்குறீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வேறொரு ஊசி போட்டு எடுத்துவிட்டார். வலித்ததா என்று எனக்கே தெரியவில்லை. அதில் ஒன்றும் பொய்யில்லை. அந்த மனிதர் கெட்டிக்காரர்.

மறுநாள் அவர் சட்டம் ஒன்று போட்டார். "பாப்பா, சிரிச்சா சதை இளகும். ஊசி வெண்ணெயில பூர்ற மாதிரி பூரும். அழுதா கல்லு மாதிரி ஆயிரும். நீ சிரிக்காத வரிக்கும் நான் போட மாட்டேன், விடிய விடிய ஒக்காந்துகினு இருப்போம், சரியா?" நான் சரி என்றேன்.

அதன்பிறகு தினமும் நாடகம். எவர்சில்வர் பெட்டியைத் தட்டி, "உள்ள யாரு, இட்லியா? வெந்துட்டியா?" என்பார். "சார், ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ, நீங்களும் ஒண்ணு போட்டுக்கினு போங்க" என்று அப்பாவைக் கூப்பிடுவார். கடைசியில் தவறாமல் ஒரு யானை வரும். "பாப்பா, காது எப்படி கீது? உள்ள யானை எதுனா பூந்துச்சா? மணி அடிக்குதா யானை? இல்ல தூங்கினு கீதா?" இந்த யானைக்குத்தான் நான் அதிகம் சிரித்தேன். அவரும் யானையில்தான் ஊசியைக் குத்துவார்.

நான் கிடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் மடியில் குப்புறப் படுத்திருப்பேன். என் கண்ணுக்குத் தெரிவது அவர் செருப்பும் சிவப்புத் தரையும்தான். கம்பவுண்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவார். அப்பாவுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு சிரிப்பார், வயிறு மட்டும் குலுங்கும். அந்தக் குலுக்கல் என் விலாவில் தெரியும். யானை வந்துவிட்டது என்பதை நான் காதால் கேட்பதற்கு முன்பே விலாவால் அறிந்துவிடுவேன்.

பாதி ஊசி முடிவதற்குள் அந்தக் கிளினிக்கில் நான் பிரபலமாகிவிட்டேன். அலறுகிற பிள்ளைகளைக் கம்பவுண்டர் என் பக்கம் திருப்பி நிறுத்துவார். "இத்த பாரு, எப்படி சிரிச்சிக்கினு போட்டுக்குது பாரு. நீ ஆம்பள, அழுவுறியே." மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்து நெட்டி முறிப்பார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. திரும்பும்போது குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் வெண்ணெய் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார். அப்பா என்னோடு தனியாக நடந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, அந்த மூன்று மாதம்தான். அதைக் கெடுத்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

கார்த்திகையில் காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி. மழைக்காலம். சுற்றிலும் தவளையும் சில்வண்டும்தான். "ஊரெல்லாம்தான் கத்துது, உனக்கு மட்டுமா கத்துது" என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மழை நின்று தை பிறந்தபிறகும் எனக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதற்குள் அதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

நடக்கும்போது தடுமாறவும் செய்தேன். உடம்பின் நிதானமும் காதுக்குள்தான் இருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? கரண்ட் போனால் சுவரைப் பிடிக்காமல் என்னால் நிற்க முடியாது. யார் பேசினாலும் அவர்கள் முகத்துக்கு நேரே போய் நின்று உற்றுப் பார்ப்பேன். பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைக்குக் கண் சரியில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பழுப்பு ஃபிரேமில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். பவர் இருந்ததா என்பதே சந்தேகம். காது போன பிள்ளைக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, "இப்ப நல்லா கீதுல்ல?" என்று கடைக்காரர் கேட்டதாகவும் நான் சிரித்ததாகவும் அம்மா சொல்வாள். அந்தக் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. கிடைத்தால் உங்கள் எல்லோருக்கும் போட்டோ எடுத்து அனுப்புவேன்.

சத்தம் குறைகிறது என்று உனக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. உலகம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் அது என் காதின் குறை என்று எனக்கு எப்படித் தோன்றும்? என் வியாதியைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்பதுதான் வீட்டின் சட்டம். முதலில் அப்பாவும் அம்மாவும் கிசுகிசுத்தார்கள். பிறகு டீச்சர் கிசுகிசுத்தார். பிறகு கம்பவுண்டர், பிறகு ரயில். எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் ரகசியமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். என் ரகசியம் வெளியே போய்விட்டதே, அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள் என்றுதான் பயந்தேன்.

கடைசி முப்பது ஊசிகளில் கம்பவுண்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து முணுமுணுவென்று ஏதோ வரும். அப்பாவின் வயிறு குலுங்கும். நான் சிரிப்பேன். ஊசி இறங்கும். சிரிக்காவிட்டால் நேரமாகும், நேரமானால் பயம் ஏறும். அதனால் குலுங்கிய மறுநொடியே சிரித்தேன். அப்போதெல்லாம் வலித்தது. நன்றாகவே வலித்தது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். டீச்சர் பின்னாலிருந்து பெயர் கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுவேன். எத்தனை குட்டு, எத்தனை பெஞ்ச்மேல் ஏறி நிற்றல். எனக்குத் 'திமிரு' என்று பெயர் வைத்தீர்கள். வைத்தவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், தினம் காலையில் நற்சிந்தனை அனுப்புகிறார். பெயர் சொல்லப்போவதில்லை, பயப்பட வேண்டாம். மாசி மாதத்தில், ஊசியெல்லாம் முடிந்தபிறகு, அந்த டீச்சர்தான் ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று தகர டப்பா ஒன்றைத் தரையில் போட்டிருக்கிறார். வகுப்பு முழுக்கத் துள்ளியது, நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்துக் காதில் கனமாக எதையோ மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார். எனக்குப் புரிந்தது. அவர் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியது. தோள் இறங்கினால் கையைத் தூக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா முகத்தில் நிம்மதி வந்தது. எனக்கும் சந்தோஷம். பிஸ்கட் நிச்சயம் என்று நினைத்தேன்.

அந்த அக்கா கெட்டிக்காரி. எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். வெள்ளைச் சுவர். அதில் ஒன்றுமே இல்லை. நான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, யாரோ வந்து காதிலிருந்ததைக் கழற்றினார்கள்.

டாக்டர் அறையில் அப்பா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை யாரும் அப்படி உட்கார வைக்கமாட்டார்கள். டாக்டர் ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடியும் ஏதோ கேட்டார். அப்பாவின் வயிறு என் முதுகில் குலுங்கியது. நான் சிரித்தேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில்தான் ஏதோ தப்பு என்று புரிந்து திரும்பிப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். அழுதாலும் அவருக்கு வயிறுதான் குலுங்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என்ன பேசினார்கள் என்பதை அம்மா எனக்கு இருபது வயதான பிறகு, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். அந்த மருந்து சில பிள்ளைகளுக்குக் காதைக் கெடுக்கும் என்று குரோம்பேட்டை டாக்டருக்கு முதல் நாளே தெரியும். "தெனம் புள்ளைய கேளு. காதுக்குள்ள மணி அடிக்குதா, எதுனா சத்தம் வருதான்னு கேளு. ஆமான்னு சொன்னா அன்னிக்கே ஊசிய நிறுத்திடு" என்று கம்பவுண்டரிடம் சொன்னாராம். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றாராம். கம்பவுண்டர் கேட்டார். ஒருநாள் தவறாமல் கேட்டார். பயந்த பிள்ளையிடம் நேராகக் கேட்டால் மிரண்டுவிடும் என்று யானையாக்கிக் கேட்டார். பட்டணத்து டாக்டர் "யாரும் காதைப் பத்திக் கேக்கவே இல்லையா?" என்றபோது அப்பா சொன்னாராம்: "தெனம் கேட்டாங்க சார். சிரிச்சா."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் ஒருநாள் அழுதிருந்தால், ஒரே ஒருநாள் "ஆமாம், மணி அடிக்குது" என்று சொல்லியிருந்தால், மீதி ஊசி நின்றிருக்கும். மீதிக் காதாவது நின்றிருக்கும். என்னை அழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. எனக்கு நாற்பது வயதில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டினேன். இதில் வியாதி இருந்ததாகவே தெரியவில்லையே என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

அப்பா அந்தக் கம்பவுண்டரை அடிக்கப் போவதாகச் சொல்லி ஒருநாள் கிளம்பிப் போனாராம். அவரோடு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். "பாவம்டி, அந்தாளு அழுவுறாரு" என்று அம்மாவிடம் சொன்னாராம். பாவம்தான். கெட்ட மனிதர் யாருமே இல்லாத கதை இது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஐம்பது வருஷத்துக்கு மேல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. காட்டுங்கள், பாடுங்கள். என் பேத்திக்குப் பெருங்களத்தூரில் தடுப்பூசி போட்டபோது நர்ஸ் சோப்புக் குமிழி ஊதினாள். பிள்ளை சிரித்தது.  முடிந்ததும் பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, வலிச்சுதா என்று கேட்டேன். பதில் வரும்வரை விடவில்லை. "ஏம்மா, சிரிக்கிற புள்ளைய அழ வெக்கிறீங்க" என்று நர்ஸ் கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பா கடைசி இரண்டு வருஷம் முடிச்சூரில் என் வீட்டில் இருந்தார். இத்தனை வருஷத்தில் என் காதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் காலையில் டிபன் முடிந்து, காது மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பேசினார். மெஷின் இல்லாமல் எனக்குக் குரல் கேட்காது. ஆனால் அப்பாவின் உதட்டைப் படிக்க எனக்கு மெஷின் எதற்கு?

"தெனம் கேட்டாரேம்மா. நீதான சிரிச்ச."

 "கேக்கலப்பா" என்றேன்.

அவர் முன்னால் குனிந்து, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். "தெனம் கேட்டாரு. நீ சிரிச்சியா, நான் சரின்னு விட்டுட்டேன்."

"கேக்கலப்பா. மெஷின் கையில இருக்கு பாருங்க."

மூன்றாவது முறை அவர் கத்தியிருக்க வேண்டும், அடுக்களையிலிருந்து என் மகள் ஓடிவந்து நின்றாள். "நான் விட்டுட்டேம்மா. சில்வண்டு கத்துதுன்னு நீ சொன்னது எனக்கும் தெரியும். நான்தான் விட்டுட்டேன்."

நான் மெஷினை எடுத்துக் காதில் மாட்டினேன்.  திருகைத் திருப்பி, "இப்ப சொல்லுங்கப்பா, கேக்குது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுமில்ல, விடு" என்றார். அது கேட்டது. அடுத்த மாதம் போய்விட்டார். அவர் சொன்னதை நான் பார்த்ததுதான், அவர் குரலில் அதை ஒருநாளும் கேட்டதில்லை.